தாஹோ மலையில் ஒரு வாடகை வீடும் அதற்கு எடுத்த காப்பீடும்

2020ஆம் ஆண்டின் இறுதியில், அலுவலக வேலை முழுவதும் வீட்டிலிருந்தே என்று ஆனபின், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய ‘பே ஏரியா’வில், ஃப்ரீமான்டில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, கலிஃபோர்னியாவின் கிழக்கு எல்லையில் உள்ள சவுத் லேக் தாஹோவுக்கு நாங்கள் குடிபெயர்ந்தோம். ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், ஏரியும் பைன் காடும் பனிச்சறுக்கு மலைகளும் சூழ்ந்த சுற்றுலா ஊர் அது. எங்களுக்குக் கிடைத்தது மரத்தால் கட்டிய பழைய வீடு. கூடத்தில் விறகு அடுப்பும், வாசலில் கரடியால் திறக்க முடியாத இரும்புக் குப்பைப் பெட்டியும் இருந்தன. வாடகை ஒப்பந்தத்தில், குடியேறும் நாளுக்குள் வாடகைதாரர் காப்பீடு எடுத்து அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. சாமான் ஏற்றும் வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, கைப்பேசியிலேயே பத்து நிமிடத்தில் ஒரு பாலிசி எடுத்தேன். மாதம் 13 டாலர். பொருள்களுக்கு 15,000 டாலர், பிறருக்கு நம்மால் நேரும் சேதத்துக்கு 1,00,000 டாலர், டிடக்டிபிள் (இழப்பில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 டாலர். விலை குறைவாக இருந்தது; வீட்டு உரிமையாளர் ஏற்றுக்கொண்டார்; அத்துடன் அதை மறந்துவிட்டேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்த பிழைகளைத் திருத்திக்கொள்ள ஒரு காட்டுத்தீயும் ஒரு பெரும் பனிக்காலமும் தேவைப்பட்டன. மலையூரில் வாடகைக்குக் குடியேறப்போகும் நம்மவர்களுக்கு அந்தக் காலமும் பணமும் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு உரிமையாளர் வைத்திருக்கும் காப்பீடு கட்டடத்துக்கானது. நம் துணிமணிக்கோ பாத்திரத்துக்கோ அதிலிருந்து ஒரு காசும் வராது. வாடகைதாரர் காப்பீட்டுக்கு மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. ஒன்று நம் பொருள்களுக்கு. இன்னொன்று, வீட்டில் வசிக்க முடியாமல் போனால் வெளியே தங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவுக்கு. மூன்றாவது, நம் கவனக்குறைவால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கு. சமவெளி நகரத்தில் பலர் முதல் பகுதியை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மலையில் மற்ற இரண்டும் அதே அளவு முக்கியம்.

கால்டோர் தீ 2021 ஆகஸ்ட் 14 அன்று, மலையின் மேற்குச் சரிவில், எங்களிடமிருந்து வெகு தொலைவில் தொடங்கியது. சில நாள்களில் கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் என்ற சிற்றூரின் பெரும்பகுதி சாம்பலானது. சியரா மலைத்தொடரின் முகட்டைத் தாண்டித் தீ இந்தப் பக்கம் வராது என்றுதான் ஊரில் பலரும் நம்பினார்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வானம் பழுப்பேறி, காலையில் காரின் மேல் சாம்பல் படிந்திருந்ததைப் பார்த்த பிறகே பாலிசியைத் திறந்து படித்தேன். 15,000 டாலர் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. தொகையைக் கூட்டக் கேட்டு அழைத்தபோது, அருகில் தீ எரிந்துகொண்டிருக்கும் பகுதியில் புதுப் பாலிசியும் கிடையாது, இருக்கும் பாலிசியில் மாற்றமும் கிடையாது என்று அமைதியாகச் சொன்னார்கள். அது காப்பீட்டு நிறுவனங்களில் வழக்கமாக உள்ள விதி. புகை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காப்பீட்டுக் கடையின் கதவு மூடிவிடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 29 இரவு பத்து மணிக்கு, உத்தரவுக்குக் காத்திராமல், மகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து மாநிலமான நெவாடாவில் உள்ள ரீனோ நகரை நோக்கிப் புறப்பட்டோம். கும்பகோணத்தில் அது காலை நேரம். தொலைபேசியில் அம்மா முதலில் கேட்டது, “நகையை எடுத்துக்கிட்டியா கண்ணு?” என்பதுதான். எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை நகரம் முழுவதற்கும் வெளியேற்ற உத்தரவு வந்தது. 50ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் அசையாமல் நின்ற காட்சியை விடுதி அறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். செப்டம்பர் 5 அன்று உத்தரவு எச்சரிக்கையாகக் குறைக்கப்பட்டது. 6ஆம் தேதி வீடு திரும்பினோம். 2,21,000 ஏக்கருக்கு மேல் எரித்த அந்தத் தீ எங்கள் நகரத்து வீடுகளைத் தொடாமல் விட்டதற்கு, உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த தீயணைப்பு வீரர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

எட்டு இரவுகள் வெளியே தங்கியிருந்தோம். நிறுவனம் ஆறு இரவுகளுக்குத்தான் விடுதிக் கட்டணம் கொடுத்தது. வீட்டில் யாரும் இருக்கக்கூடாது என்று அரசு அதிகாரி உத்தரவிட்ட நாள்களுக்கு மட்டுமே வெளியே தங்கும் செலவுக்கான பிரிவு பொருந்தும். எச்சரிக்கையின் பேரில் நாமாகக் கிளம்பிய முதல் இரவும், உத்தரவு தளர்ந்த பிறகு தங்கிய கடைசி இரவும் நம் கணக்கில்தான் எழுதப்படும். அதற்காக யாரும் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு இரவின் வாடகைக்காகக் குழந்தையைப் புகைக்குள் வைத்திருக்க முடியாது. ஆனால் உத்தரவு வெளியான தேதி, நேரம், நம் பகுதியின் மண்டல எண் ஆகியவை தெரியும்படி அறிவிப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் வாதம் குறையும். சாப்பாட்டுச் செலவிலும் முழுத்தொகை வராது. வழக்கமாக வாரத்துக்கு 180 டாலருக்கு மளிகை வாங்கும் குடும்பம் வெளியில் 520 டாலருக்குச் சாப்பிட்டால், இடையில் உள்ள 340 டாலர்தான் கிடைக்கும். அதை நிரூபிக்க முந்தைய மாதத்து மளிகை ரசீதுகளும் தேவைப்பட்டன.

வெளியே தங்கும் செலவுக்கான வரம்பு பல பாலிசிகளில் பொருள்களுக்கான தொகையில் 30 விழுக்காடாக வைக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கு அது 4,500 டாலர். ஆறு இரவுக்கு அது தாராளம். வீடே எரிந்திருந்தால், தாஹோ வாடகைக்கு இரண்டு மாதம்கூடத் தாங்கியிருக்காது. அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரில் வீட்டை இழந்தவர்கள் இந்தச் செலவைக் குறைந்தது 24 மாதம்வரை கோரலாம் என்று கலிஃபோர்னியச் சட்டம் சொல்கிறது. ஆனால் காலம் நீள்கிறதே ஒழிய, பாலிசியில் எழுதிய தொகை நீள்வதில்லை. மலையூரில் ஒரே நாளில் ஆயிரம் குடும்பங்கள் வேறு வீடு தேடும் என்பதை நினைத்துப் பார்த்து இந்த வரம்பைத் தீர்மானிக்க வேண்டும். பொருள்களுக்கான தொகையை உயர்த்தினால் இதுவும் கூடவே உயரும் என்பது நல்ல செய்தி.

திரும்பி வந்தபோது வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் புகை நாற்றம் அடித்தது. தீயின் புகையால் ஏற்படும் சேதம் காப்பீட்டில் உண்டு. பீரோவில் இருந்த பட்டுப் புடவைகளையும் மெத்தை விரிப்புகளையும் சுத்தம் செய்ய 1,400 டாலர் ஆனது. டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு முறையும் முதலில் நம் கையிலிருந்து போகும் பணம். அது 1,000 டாலராக இருந்ததால் எங்களுக்கு வந்தது 400 டாலர். டிடக்டிபிளை 500 ஆகக் குறைத்திருந்தால் மாதத்துக்குக் கூடுதலாக ஆகியிருக்கக்கூடியது ஏறக்குறைய மூன்று டாலர்.

அந்தக் குளிர்காலத்தில், வீட்டில் உள்ள எல்லாவற்றையும் கணக்கெடுத்தோம். கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டு, ஒவ்வொரு அலமாரியையும் இழுப்பறையையும் திறந்து, பொருளின் பெயரையும் வாங்கிய ஆண்டையும் வாயால் சொல்லிக்கொண்டே நடந்தேன். கிரைண்டர், குக்கர்கள், வெண்கலப் பானை, புத்தகங்கள், மகளின் பனிச்சறுக்குக் கட்டைகள், நான்கு பேர் அணியும் அளவுக்குச் சேர்ந்துவிட்ட குளிர் உடுப்புகள் என்று எழுதிக் கூட்டினால் 46,000 டாலரைத் தாண்டியது. தேய்மானம் கழித்துக் கொடுக்கும் பாலிசியில், ஐந்து வருடம் பழகிய மேலங்கிக்குப் பழைய துணியின் விலைதான் கிடைக்கும். புதிதாக வாங்க ஆகும் விலையைக் கொடுக்கும் முறைக்கு மாற்றிக்கொள்வதற்கு வித்தியாசம் சொற்பம்தான். தொகையை 50,000 ஆக்கி, புது விலை முறைக்கு மாற்றி, டிடக்டிபிளையும் 500 ஆக்கினேன்.

நகையைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், திருட்டுப்போன நகைகளுக்கு எல்லாம் சேர்த்து 1,500 டாலர் போன்ற ஒரு சிறு உச்சவரம்பு பெரும்பாலான பாலிசிகளில் தனியாக எழுதப்பட்டிருக்கும். இரண்டு வளையல்களுக்குக்கூட அது காணாது. வெள்ளிக் குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு போன்றவற்றின் திருட்டுக்கும், ரொக்கப் பணத்துக்கும் இப்படித் தனி வரம்பு இருக்கும். விலை உயர்ந்த நகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, மதிப்பீட்டுச் சான்றுடன் பாலிசியில் சேர்க்கலாம். வார இறுதியில் வாடகைக்கு வருபவர்களும் போகிறவர்களுமாகப் பாதித் தெரு முகமறியாதவர்களால் நிறைந்திருக்கும் சுற்றுலா ஊரில், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இவ்வளவையும் சரிசெய்துவிட்டோம் என்ற நிம்மதியில்தான் 2022-23 குளிர்காலம் வந்தது. எங்களுக்கு வடக்கே, டானர் கணவாய்க்கு அருகில் உள்ள சியராப் பனி ஆய்வகம் அந்தப் பருவத்தில் மொத்தம் 754 அங்குலப் பனிப்பொழிவை அளந்தது. 1951-52க்குப் பிறகு அங்கே பதிவான மிக அதிகமான அளவு அது. எங்கள் வாசல் கதவுக்கு வெளியே வெள்ளைச் சுவர் ஒன்று எழும்பி, பகலிலும் கூடத்தில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை, சொட்டுச் சொட்டென்ற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். வடக்கு ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து, அதன் கீழே வைத்திருந்த வீணையின் குடத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அது என் அம்மா வாசித்த தஞ்சாவூர் வீணை. பலா மரம், குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணை. இரவு முழுவதும் தண்ணீர் இறங்கியதில், குடமும் தண்டியும் சேரும் இடத்தில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. துணியால் ஒற்றி எடுத்தபோது, இணைப்பில் ஊறியிருந்த பழைய பசை பழுப்பு நிறத்தில் விரலில் ஒட்டிக்கொண்டது. மெட்டுகளைத் தாங்கும் கருமெழுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரம்தான் வாய் பிளந்திருந்தது.

நடந்தது மலையில் அடிக்கடி நடப்பதுதான். வீட்டுக்குள்ளிருந்து மேலேறும் வெப்பத்தில் கூரைமேல் உள்ள பனியின் அடிப்பகுதி உருகி வழிந்து, குளிர்ந்த இறவாணத்துக்கு வந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல் நின்றுவிடுகிறது. அதன் பின்னால் தேங்கும் நீர் கூரை ஓடுகளுக்கு அடியில் ஏறி உள்ளே இறங்குகிறது. கூரையின் சேதம் உரிமையாளரின் காப்பீட்டில் போயிற்று. என் வீணைக்கு நான் கேட்ட இழப்பீடு மறுக்கப்பட்டது.

மறுப்புக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் பாலிசி, பெயர் குறிப்பிட்ட ஆபத்துகளுக்கு மட்டும் பொறுப்பேற்கும் வகையைச் சேர்ந்தது. தீ, மின்னல், புயல்காற்று, புகை, திருட்டு, பனியின் எடை, குழாய் உறைந்து வெடிப்பது என்று 16 காரணங்கள் அதில் இருந்தன. பனியின் எடையால் கூரை உடைந்து பொருள் நாசமானால் பணம் உண்டு. எங்கள் கூரை உடையவில்லை, நீர் கசிந்தது. கசிவு அந்தப் பட்டியலில் இல்லை. பொருள் போனதா என்று பார்த்து அவர்கள் பணம் கொடுப்பதில்லை, எந்தக் காரணத்தால் போனது என்று பார்த்தே கொடுக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் தடவை தொகையைத் திருத்தினேன். காரணங்களைப் பார்க்கவே இல்லை. பாலிசி ஒப்பந்தத்தில் நான் முதலில் படித்திருக்க வேண்டிய பக்கம் அந்தப் பட்டியல்தான்.

அதன் பிறகு, எங்கள் வீட்டுக்கு என்னென்ன நேரலாம் என்று நானும் என் கணவரும் ஒரு தாளில் எழுதி, அதை வைத்துக்கொண்டு ஐந்து நிறுவனங்களை அழைத்தோம். விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாத் திடீர்ச் சேதங்களுக்கும் பொறுப்பேற்கும் விரிந்த வகைப் பாதுகாப்பை வாடகைதாரருக்கும் கூடுதல் பிரீமியத்தில் சேர்த்துத் தரமுடியும் என்று இரண்டு பேர்தான் சொன்னார்கள். இந்த மாற்றம் தன்னால் நம் கண்ணில் படாது. முகவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டும், பதிலை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். இதில் உள்ள வித்தியாசத்துக்குக் கரடி ஒரு நல்ல உதாரணம். தாஹோவில் கரடி ஜன்னலைப் பெயர்த்துச் சமையலறைக்குள் நுழைவது கதையல்ல. பெயர் குறிப்பிட்ட 16 காரணங்களில் காட்டு விலங்கு இல்லை என்பதால், அது நாசமாக்கும் நம் பொருள்களுக்கு அந்த வகைப் பாலிசியில் வழியில்லை. நாங்கள் வாங்கிய விரிந்த வகையில் விலக்கப்பட்ட பட்டியலில் பறவை, எலி போன்ற கொறிக்கும் பிராணி, பூச்சி, நாம் வளர்க்கும் பிராணி ஆகியவை உண்டு, கரடி இல்லை. காருக்குள் கரடி புகுந்தால் அது கார்க் காப்பீட்டின் விரிவான பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தது.

எந்த வகை எடுத்தாலும் வெள்ளமும் நிலநடுக்கமும் வெளியேதான் நிற்கும். வசந்தத்தில் பனி உருகித் தரைவழியே வீட்டுக்குள் நீர் ஏறினால் அது வெள்ளக் கணக்கு. அமெரிக்க அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வாடகைதாரர் தன் பொருள்களுக்கு 1,00,000 டாலர்வரை எடுக்கலாம், ஆனால் பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். நிலநடுக்கத்துக்குக் கலிஃபோர்னிய நிலநடுக்க ஆணையத்தின் பாலிசி வாடகைதாரருக்கும் கிடைக்கிறது.

குழாய் உறைவது பட்டியலில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வெப்பம் கொடுத்துவைக்க நியாயமான அக்கறை காட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே வரியின் கீழே உள்ளது. பொங்கலுக்கு ஃப்ரீமான்டில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது, நாங்கள் வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்குவதில்லை. முதன்மை வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடிய விட்டு, இரண்டையும் தேதி தெரியும்படி படமெடுக்கிறோம்.

பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான தொகையை நாங்கள் 3,00,000 ஆக்கியதற்கு விறகு அடுப்பே காரணம். அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு பல நாள் உயிரோடு இருக்கும். 2007 ஜூனில் எங்கள் ஊருக்கு அருகே அங்கோரா தீயில் 254 வீடுகள் எரிந்தன. அதைத் தொடங்கி வைத்தது, சட்டத்துக்குப் புறம்பாக யாரோ மூட்டிய ஒரு முகாம் நெருப்பு. கவனக்குறைவால் தீ வைத்தவரிடமிருந்து அணைத்த செலவையும் வசூலிக்கக் கலிஃபோர்னியச் சட்டம் இடம் தருகிறது. வீட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் பிறகு நம்மைத் தேடி வரலாம். எங்கள் சாம்பல் இப்போது மூடியுள்ள இரும்பு வாளியில், மரத் தளத்திலிருந்து தள்ளி, வெளியே கிடந்து ஆறுகிறது.

குளிர்காலத்துக்கு மட்டும் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து மலைவீட்டை வாடகைக்கு எடுப்பது பே ஏரியாத் தமிழர்களிடையே வழக்கமாகிவிட்டது. நம் நகரத்து வீட்டுப் பாலிசியே அங்கும் செல்லும் என்று நம்பி விடுகிறார்கள். பல பாலிசிகளில், இரண்டாவது வீட்டில் வைத்திருக்கும் பொருள்களுக்கு மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குதான் வரம்பு; நாம் அங்கே தங்கியிராத நாளில் திருட்டுப் போனால் அதுவும் இல்லை. ஒரு குடும்பத்தின் பாலிசி இன்னொரு குடும்பத்தின் பொருளைக் காக்காது. பனிச்சறுக்குக் கட்டைகளையாவது ஒவ்வொரு முறையும் காரில் ஏற்றிக்கொண்டு திரும்புங்கள்.

தீ அபாயம் கூடிய பகுதி என்று எந்த நிறுவனமும் சேர்க்க மறுத்தால், மாநிலத்தின் ஃபேர் திட்டத்தில் வாடகைதாரரும் சேரலாம். அது தீ, மின்னல், புகை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. திருட்டும் பிறர் சேதமும் அதில் கிடையா என்பதால், விட்டுப்போனதை நிரப்ப இன்னொரு பாலிசியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

நாங்கள் இப்போது மாதம் 41 டாலர் கட்டுகிறோம். மாற்றங்கள் எதுவானாலும் மே மாதத்துக்குள், தீக்காலம் தொடங்குமுன் செய்துவிடுகிறோம். வீணையை விமானத்தில் தஞ்சாவூருக்கு எடுத்துப்போய், இணைப்பைப் பிரித்து ஒட்டிக் கொண்டுவந்தோம்; அந்தச் செலவு முழுவதும் எங்களுடையது. அதற்கு மதிப்புச் சான்று தர இந்த ஊரில் ஆள் இல்லாததால், பழுதுபார்த்த ஆசாரியிடமே மரம், அளவு, வேலைப்பாடு, இன்றைய விலை ஆகியவற்றை எழுதி வாங்கி, ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினேன். நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. பாலிசியின் கடைசிப் பக்கத்தில், நகைகளுக்குக் கீழே, டிடக்டிபிள் இல்லை என்ற குறிப்புடன் அம்மாவின் வீணை தனி வரியாக இருக்கிறது. வீணையை வடக்கு ஜன்னலிலிருந்து எடுத்து உள்சுவர் ஓரமாக மாற்றி வைத்திருக்கிறேன்.